சாயத்துக்கும் சாட்சி வேண்டும்

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்தாற்போல் கோவளம். இத்தகைய சுற்றுலாத் தலங்களில் எல்லாம் 'கை அச்சு, இயற்கைச் சாயம்' என்று அட்டை கட்டிய துணிகள் விற்பனைக்கு வருகின்றன. ஊருக்குப் போகும்போது வீட்டாருக்கு ஒரு சேலை வாங்க நினைக்கும் நம்மவர்களும் அந்த அட்டையை நம்பித்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அட்டை சொல்வது மெய்தானா?

மெய்யான வேலை எளிதல்ல. மசூலிப்பட்டின முறையில், முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊற வைக்கிறார்கள். இரும்பும் வெல்லமும் பல நாள் புளித்த நீரை மரக்கட்டையில் தொட்டு அச்சிட்டால் கறுப்பு விழும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத்தான் அச்சிடுகிறார்கள். பிறகு துணியைச் சாயவேருடன் கொதிக்க வைக்கும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு பிடிக்கும். நீலத்துக்கு அவுரி. நிறத்துக்கு ஒரு கட்டை, இடையிடையே ஓடும் நீரில் அலசல், வெயிலில் உலர்த்தல். மழை வந்தால் வேலை நின்றது!

சோழமண்டலக் கரையின் சாயத் துணிக்கு அஞ்சி 1686-ல் பிரான்சும், 1700-லும் 1721-லும் இங்கிலாந்தும் தடைச் சட்டம் போட்டன. சட்டத்தால் முழுவதும் சாயாத தொழிலை ரசாயனம் சாய்த்தது. 1869-ல் செயற்கை ஆலிசரினும் 1897-ல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வழி கண்டன. சாயவேர் தோண்டுவோர் அருகினர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை செய்த கோடாலிக் கருப்பூரின் மரபு, இன்று சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்களிடம், அச்சுக்கட்டையை விட எழுதுகோலையே நம்பி நிற்கிறது. 2021-ல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும். எந்த ஊர்ப் பெயரும் போடாமல், ஆலையில் அச்சிட்ட துணிக்கு 'இயற்கைச் சாயம்' என்று அட்டை கட்டுபவரை அது தொடாது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரையும் நெசவுக்குத்தான் சாட்சி. மேலே ஏறிய நிறத்துக்கு அல்ல. நஷ்டம் யாருக்கு? வாங்குபவருக்குச் சில நூறு ரூபாய். கைவினைஞருக்கோ பிழைப்பே போகிறது.

விழிஞ்ஞத்திலிருந்து சில கிலோமீட்டரில் பாலராமபுரம் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த நெசவு அது. அந்தக் கைத்தறித் துணியில் தஞ்சைக் கைகள் சாயமிட்டால் இரு மாநிலத்துக்கும் வேலை உண்டு. கேரள, தமிழக கைத்தறித் துறைகள் கூடிப் பேசி இதற்கு ஆவன செய்ய வேண்டும்.

மத்திய ஜவுளி அமைச்சகம், இயற்கைச் சாயம் என்று விற்கும் துணியில் எந்தச் சாயம், எந்த ஊர், கட்டையா எழுதுகோலா என்று அச்சிடுவதைக் கட்டாயமாக்கட்டும். மாதிரி எடுத்துச் சோதிக்க ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. அதுவரை வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்க்கலாம். கட்டையை மாற்றி வைத்த இடங்களில் கோடு மயிரிழை விலகியிருந்தால் கையச்சாக இருக்கக்கூடும். நிறம் எது என்பதற்குக் கடைக்காரரிடம் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.