கறுப்புத் திரையில் எறும்பு எழுத்துகள்

புதிதாக ஒருவருக்கு லினக்ஸ் நிறுவித் தருபவர்கள் என்னென்ன செய்து கொடுக்கிறார்கள்? பிரவுசர் போட்டுத் தருவார்கள். தமிழ் கீபோர்டு, பிரிண்டர், அழகான வால்பேப்பர் எல்லாம் வந்துவிடும். சிலர் சினிமா பார்க்க வி.எல்.சி. பிளேயரும் போட்டுத் தருவார்கள். ஆனால் கறுப்புத் திரையில் வரும் எழுத்தின் அளவை மாற்றித் தருபவரை நான் இதுவரை பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

கறுப்புத் திரை என்றதும் புதிய வாசகர்கள் பயப்பட வேண்டாம். லினக்ஸில் நீங்கள் பார்க்கும் ஐகான்கள், விண்டோக்கள் எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் திரை ஒன்று இருக்கிறது. அதற்கு டெக்ஸ்ட் கன்சோல் என்று பெயர். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கறுப்புத் திரை வந்து உங்கள் பெயரைக் கேட்கும். திரும்பி வர அதே கண்ட்ரோல், ஆல்ட் கீகளோடு எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7 அழுத்த வேண்டும். எது என்பது உங்கள் லினக்ஸைப் பொறுத்தது. மெனுவில் இருந்து திறக்கும் டெர்மினல் விண்டோ இது அல்ல. அந்த விண்டோவில் எழுத்து சிறியதாக இருந்தால் பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போய் எளிதாக மாற்றிக்கொள்ளலாம். கன்சோலுக்கு அப்படி ஒரு மெனு கிடையாது.

எல்லாம் நன்றாக ஓடும்போது இந்தத் திரை உங்களுக்குத் தேவையே இல்லை. ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் எதிரில் வந்து நிற்கும். ஆய்க்குடி, தென்காசி பக்கம் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் காற்றும் சேர்ந்து அடிக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் பாதியில் அணைந்தால் ஹார்ட் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த விவரம் அரைகுறையாக நின்றுவிடும். பெரும்பாலும் அடுத்த முறை இயக்கும்போது லினக்ஸ் தானே சரிசெய்துகொள்ளும். சில சமயம் முடியாமல் போனால், எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் காட்டிவிட்டுக் கறுப்புத் திரையில் காத்திருக்கும். அந்த நான்கு வரியைப் படிக்க முடிந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் காலத்து 15 இஞ்ச் பெட்டி மானிட்டரில் எழுத்துத் திரை 80 பத்தி, 25 வரி. ஒரு வரியின் உயரம் சுமார் 8 மில்லிமீட்டர். தாத்தாகூடக் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவார். கன்சோல் எழுத்தின் வழக்கமான அளவு 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். இன்றைய 14 இஞ்ச் லேப்டாப் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதே 16 புள்ளி இங்கே இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஒரு வரியில் 240 எழுத்து, திரையில் 67 வரி. மேசையில் தள்ளி வைத்த லேப்டாப்பில் இதைப் படிக்க இளம் கண்ணே சிரமப்படும். திரையின் தரம் உயர உயர எழுத்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது!

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் புதிய வன்பொருள் அவரிடம் இல்லை. நன்றாக ஓடுகிற லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸுக்கு மாறினார். இந்த ஒரு காரணத்தாலேயே லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள், பென்ஷன் கணக்கு, ஊர்க் கோயில் திருவிழா வரவு செலவு எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். ஒரு நாள் மாலை போன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் கறுப்பா நிக்குது. என்னமோ எழுதியிருக்கு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே தவிர ஒண்ணும் தெரியல."

"கடைசி வரியை மட்டும் படிங்க சார். எஸ், டி, ஏன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும்."

"ஒண்ணு மாதிரியும் இருக்கு, ஏழு மாதிரியும் இருக்கு."

ஒன்றா ஏழா என்று தெரியாமல் அடுத்த கட்டளையைச் சொல்ல முடியாது. நேரில் போய்ப் பார்த்தேன். ஏழு. சோதனைக் கட்டளை கொடுத்து, மறுபடி இயக்கியதும் எல்லாம் வந்துவிட்டது. நான் போவதற்கு முன்பே அவர் ஒரு சர்வீஸ் கடையிலும் விசாரித்திருந்தார். "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே கொடுத்திருந்தால் போட்டோக்கள் போயிருக்கும். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. தடையாக நின்றது எழுத்தின் அளவு மட்டுமே.

1981ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் எங்கள் ஆய்க்குடியில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலி ஏற வழியில்லாத கட்டடத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே உறுத்தும். படிக்கட்டு மட்டும் வைத்துக் கட்டிவிட்டு "ஏற முடிந்தவர் ஏறட்டும்" என்று விடுவது போலத்தான் இந்த இரண்டரை மில்லிமீட்டர் எழுத்தும் எனக்குத் தெரிகிறது.

சரி, மாற்றும் வழியைப் பார்ப்போம். டெபியன், உபுண்டு, மின்ட், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவை ஒரே குடும்பம். இவற்றில் டெர்மினலைத் திறந்து "சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்" என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடித்து என்டர் தட்டுங்கள். மொத்தம் மூன்று சொற்கள், இடையில் இரண்டு இடைவெளி. இரண்டாவது, மூன்றாவது சொற்களுக்குள் சிறு கோடு வரும். பாஸ்வேர்ட் கேட்கும். அதை அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, கவலைப்படாமல் அடியுங்கள். பிறகு வரிசையாகக் கேள்விகள் வரும். முதலில் யூ.டி.எஃப்-8, அடுத்து எழுத்துத் தொகுதி. இரண்டிலும் ஏற்கெனவே தேர்வாகி இருப்பதை அப்படியே விட்டு என்டர் தட்டுங்கள். எழுத்துருவைக் கேட்கும்போது "டெர்மினஸ்" அல்லது "டெர்மினஸ் போல்டு", அளவைக் கேட்கும்போது 16க்கு 32. அவ்வளவுதான். கம்ப்யூட்டரை அணைத்து இயக்கினாலும் இந்த அளவு மாறாது. மேலே சொன்ன 14 இஞ்ச் லேப்டாப்பில் எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். வரிக்கு 120 எழுத்து, திரைக்கு 33 வரி. தாராளமாகப் போதும்.

டெர்மினஸைச் சிபாரிசு செய்யக் காரணம் இருக்கிறது. பல்கேரியாவைச் சேர்ந்த திமிதர் ஷெகோவ் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்காக வடிவமைத்த எழுத்துரு இது. ஒன்று என்ற எண்ணும் ஆங்கில எல் எழுத்தும் இதில் குழம்பாது. 2019ல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.0 பதிப்பில் இதன் 16க்கு 32 அளவைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, இந்தக் குறை அதை உருவாக்குபவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

மாற்றுவதற்கு முன் சும்மா பெரிதாக்கிப் பார்க்க ஆசையா? கன்சோலுக்குள் நுழைந்து "செட்ஃபான்ட்" என்று ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி எழுத்தும் அடியுங்கள். புதிய பதிப்புகளில் எழுத்து இரு மடங்காகும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். எதுவும் கெட்டுப்போகாது. ஃபெடோரா, ஓப்பன்சூசே வைத்திருப்பவர்கள் இடிசி ஃபோல்டரில் உள்ள விகன்சோல் அமைப்பு ஃபைலில் எழுத்துருவின் பெயரை மாற்ற வேண்டும்.

இதுவரை ஆங்கில எழுத்து. தமிழ்? கன்சோலில் தமிழ் வராது. லினக்ஸை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆவணங்கள்" என்ற பெயரில் ஃபோல்டர் இருக்கும். கறுப்புத் திரையில் அது வரிசையாகக் கட்டங்களாகவோ சாய்சதுரங்களாகவோ தெரியும். படிக்கவும் முடியாது, தட்டச்சு செய்யவும் முடியாது.

கெர்னலின் கன்சோல் ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்ற கணக்கில் வேலை செய்கிறது. எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் இருக்கலாம். பழைய வி.ஜி.ஏ. அட்டைகளில் இருந்து வந்த வரம்பு இது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் துண்டுகளாக இருக்கின்றன. "கொ" என்று காட்ட, ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டும். முன்பின் மாற்றிப்போடும் இந்த வேலை கன்சோலுக்குத் தெரியாது.

முடியாத காரியமா? நான் அப்படி நினைக்கவில்லை. கன்சோல்-செட்டப்பில் நீங்கள் என்டர் தட்டித் தாண்டிய எழுத்துத் தொகுதிப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அரபு, தாய், லாவோ, ஜார்ஜியா எழுத்துகள் இருக்கின்றன. எத்தியோப்பிய எழுத்துகூட இருக்கிறது. அதுவும் நம் உயிர்மெய் போல மெய்யும் உயிரும் சேர்ந்த வரிசைதான். ஆனால் யூனிகோடில் அதன் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்திருப்பதால் கன்சோலுக்குச் சிக்கல் இல்லை. தமிழில் 247 எழுத்து. கிரந்த வரிசையையும் ஸ்ரீயையும் சேர்த்தால் 313. ஆங்கில எழுத்து, எண், குறிகள் 95. மொத்தம் 408. 512க்குள் அடங்கிவிடுகிறது! 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 முறை, எழுத்துக்கு ஓர் எண் என்ற இந்தக் கணக்கில் அமைந்ததுதான்.

அகலம் ஒரு பிரச்சினை என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ணௌ" போன்ற எழுத்தை ஒரே கட்டத்தில் திணித்தால் நசுங்கிவிடும். அதற்குத் துண்டு முறை இருக்கிறது. 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய திஸ்கி குறியீட்டில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, மெய், கால் என்று துண்டுகளைச் சேமித்தார்கள். 128 இடங்களுக்குள் தமிழ் அடங்கியது. யூனிகோடு வரிகளை அந்த வரிசைக்கு மாற்றி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம் கொடுத்தால் அழகாக இருக்காது, ஆனால் படிக்க முடியும். கறுப்புத் திரையில் அழகை யார் கேட்டார்கள்? அதற்கும் முன்பே, ஐ.ஐ.டி. கான்பூரில் உருவாகி சி-டாக் வழியாக வெளிவந்த ஜிஸ்ட் அட்டையைச் செருகி, டாஸ் கம்ப்யூட்டரின் எழுத்துத் திரையில் இந்திய மொழிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இப்போது நாம் கேட்பது புதுமையே அல்ல.

லினக்ஸ் உலகம் வேறு வழியில் போனது. 2007ல் வந்த டெபியன் 4.0 பதிப்பில் படங்களோடு கூடிய நிறுவல் திரையைச் சேர்த்தார்கள். தமிழ் போன்ற மொழிகள் அங்கே ஒழுங்காகத் தெரிந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் நிறுவி முடித்த பிறகு கோளாறு வந்தால் நிற்பது கறுப்புத் திரையில் அல்லவா? அந்த இடத்தில் தமிழர்கள் இன்னும் கட்டங்களைத்தான் பார்க்கிறார்கள்.

அதுவரை என்ன செய்வது? "ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயருக்கு முன்னால் எண் போடுங்கள். "01 கணக்கு", "02 போட்டோ" என்று வைத்தால் கன்சோலில் 01 என்று அடித்து டேப் கீயைத் தட்டினால் போதும். மீதிப் பெயரைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். திரையில் கட்டங்கள் தெரிந்தாலும் ஃபைல் சரியாகவே திறக்கும். ஆசிரியரின் லேப்டாப்பில் இப்போது இப்படித்தான் இருக்கிறது. எழுத்தும் 16க்கு 32.

லினக்ஸ் வெளியிடுபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கேள்விதான். மொழி, நேரம், கீபோர்டு எல்லாம் கேட்கிற நிறுவல் திரை, "இந்த எழுத்து படிக்க வசதியாக இருக்கிறதா, பெரிதாக்கவா?" என்று கன்சோல் எழுத்தைக் காட்டியும் கேட்கட்டும். 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியவர்கள் இந்தியர்கள், இந்திய மொழிகளுக்காகவே உருவாக்கினார்கள். தமிழ்க் கன்சோல் எழுத்துரு என்ற வேலையையும் அவர்கள் எடுத்துச் செய்தால் பொருத்தமாக இருக்கும்.

கடையில் லினக்ஸ் போட்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.