அணை அடைத்த பிறகு 92 நாள்

பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் 1-ல் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். இடையில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகம். அதுக்கப்புறம் மார்ச், ஏப்ரல், மே. மொத்தம் 92 நாள். சானல் காய்ஞ்சு கிடக்கும், நிறைய வயல் சும்மா கிடக்கும். பிளாட் போடுறவங்க கண்ணு முதல்ல போறது அந்த வயலுக்குத்தான். மூணு மாசம் ஒரு ரூபாய் வருமானம் இல்லாத நிலத்தை ஒருத்தர் விற்கிறார் என்றால், அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இந்த 92 நாளில் ஸ்வீட் கார்ன் போடலாம் என்பது என் கருத்து. கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் முற்ற 100 நாளுக்கு மேல் ஆகும், கன்னிப்பூ வேலையோடு மோதும். ஸ்வீட் கார்னை 75, 80 நாளில் ஒடிச்சிடலாம். தட்டை பச்சையாகவே மாட்டுக்குப் போகும்.

"கோடையில தண்ணிக்கு எங்க போக?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேணும். அதனால எவ்வளவு பாய்ச்சுறோம் என்பதைப் போலவே, எப்போ பாய்ச்சுறோம் என்பதும் முக்கியம். சோளக்கதிரின் நுனியில் தெரியும் ஒவ்வொரு பட்டு இழையும் உள்ளே ஒரு மணியோடு இணைந்தது. உச்சியில் இருக்கிற ஆண் பூவின் மகரந்தம் அந்த இழையில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். அந்த நேரத்தில் செடி வாடினால் இழை தாமதமாக வரும், மகரந்தம் அதுக்குள்ள தீர்ந்திடும். அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் பொக்கைவாய்க் கதிர்தான். இருக்கிற தண்ணியை அந்த ரெண்டு வாரத்துக்குச் சேமிக்கணும். கும்பப்பூ அறுத்த ஈரம் காயும் முன்னே விதைக்கணும், வைக்கோலால் மண்ணை மூடணும்.

வெயில் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்பதால் பெரம்பலூர் அளவுக்கு இங்கே கொளுத்தாது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையும் எட்டிப் பார்க்கும்.

இது எல்லாருக்கும் சரிவராது. கிணறோ குளமோ பக்கத்தில் இல்லாதவர் உளுந்து போடுவதே நல்லது. காட்டை ஒட்டிய வயலில் பன்றி விடாது. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு குருத்துக்குள் புகுந்து தின்னும், தினமும் பார்க்கணும். முதல் வருஷம் அரை ஏக்கர் போதும்.

1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த இந்த அணையைக் கட்டிய இன்ஜினியர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கு. அங்கே செல்ஃபி எடுக்காத சிவில் பசங்க குறைவு. நம்ம மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கு. ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊர்க் குளத்தில் மார்ச் 1 அன்று எவ்வளவு தண்ணி நிற்குது, அது எத்தனை ஏக்கர் சோளத்துக்கு அந்த ரெண்டு வாரம் தாங்கும் என்று அளந்து, பக்கத்து வயல்காரர் கையில கொடுங்க.