வணிகர் இருவர், வீடு ஒன்று

தைப்பூசத்துக்குப் பாலம் தாண்டிப் போய், சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் காவடி பார்த்துவிட்டு வரும் ஜொகூர்க் குடும்பங்கள் நிறைய உண்டு. 1859இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய கோயில் அது. அடுத்த முறை போனால், கொஞ்ச தூரம் கூடுதலாக நடந்து பாருங்கள். பினாங்கு ரோடும் கிளமென்சூ அவென்யூவும் சந்திக்கும் பக்கத்தில், உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டுக்கூரை தெரியும். அதுதான் டான் இயோக் நீ இல்லம்.

பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? வார இறுதியில் காப்பி குடிக்கவும் படம் எடுக்கவும் கூட்டம் கூடும் நம் ஜொகூர் பாருவின் ஜாலான் டான் ஹியோக் நீ, இவர் பெயரில் அமைந்ததுதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓர் உச்சரிப்பு, அந்தப் பக்கம் இன்னோர் உச்சரிப்பு. ஆள் ஒருவரே.

1827இல் சீனாவின் தியோசூ வட்டாரத்தில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு வந்து துணி சுமந்து விற்றார். தெலுக் பிளாங்காவில் வசித்த தெமெங்கோங் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபு பக்காரின் நட்பும் கிடைத்தது. துணிக்காரரின் வாழ்க்கை அங்கேதான் திரும்பியது.

அன்றைய ஜொகூர் பெரும்பாலும் காடு. ஆட்சியாளர் 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். அதை வாங்கியவர் ஆற்றங்கரையில் ஆட்களைக் குடியேற்றி மிளகும் கம்பீரும் பயிரிடலாம். கம்பீர் என்றதும் யோசிக்க வேண்டாம். அதன் இலையைக் காய்ச்சி எடுப்பதுதான் பாட்டி வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டி. தோல் பதனிடவும் சாயமேற்றவும் வெளிநாடுகளில் அதற்குப் பெரிய சந்தை இருந்தது. அப்படி எழுந்த குடியிருப்புகளே 'கங்கார்'. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கங்கார்தான். இந்தத் தொழிலில் செல்வந்தரான டான், ஜொகூரின் 'மேஜர் சைனா' என்ற பதவியையும் பெற்றார்.

அந்தப் பணத்தில் 1882இல் தொடங்கி 1885இல் கட்டி முடித்த வீடு இது. வாசலில் நின்றால் வலமும் இடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தாற்போல் இருக்கும். கருங்கல் தூண்கள், செதுக்கிய மர வேலைப்பாடுகள், வளைந்து உயரும் கூரை முகடு. வாசலைக் கடந்தால் முற்றம், கூடம், மறுபடி முற்றம். காரைக்குடிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு உடனே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு நினைவுக்கு வரும். இரு சமூகத்தாரும் வெயில் நாட்டுக்காரர்கள். கடல் தாண்டிச் சம்பாதித்தவர்கள். வெளிச்சமும் காற்றும் வீட்டின் நடுவிலிருந்தே வர வேண்டும், வந்தவரை எதுவரை உள்ளே விடுவது என்பதை வீடே சொல்ல வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள்.

சிங்கப்பூரில் தியோசூ செல்வர்கள் கட்டிய 'நான்கு பெரிய வீடுகள்' என்று ஒரு பேச்சு உண்டு. மூன்று போய்விட்டன. இது மட்டும் ஏன் நிற்கிறது? ஒரு காரணம், அது பெரும்பாலும் யாருக்காவது பயன்பட்டுக்கொண்டே இருந்தது. அருகில் ரயில் வந்தபோது நிலைய அதிகாரி குடியிருந்தார். 1912 முதல் பெண் பிள்ளைகளுக்கான விடுதியும் பள்ளியும் ஆனது. 1938இல் இரட்சணிய சேனையின் தலைமையகமானது. போர்க்காலத்தில் ஜப்பானியப் படை தங்கியது. 2000 முதல் சில ஆண்டுகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி நடந்தது. இன்னொரு காரணம் சட்டம். 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பயன்பாடும் சட்டமும் சேர்ந்துதான் ஒரு வீட்டைக் காப்பாற்றும்.

இனி நம் பக்கம் வருவோம். அதே காலத்து இன்னொரு பெரும்புள்ளி வோங் ஆ ஃபூக். தச்சராக வந்து குத்தகைக்காரராக உயர்ந்தவர். 1860களில் இஸ்தானா பெசாரைக் கட்டியவர். ஜொகூர் பாருவின் நடுவே ஓடும் பெரிய சாலைக்கு இவர் பெயர்தான். அரசருக்கு அவர் கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது. ஆனால் அவருடைய சொந்த மாளிகை 2014இல் இடிக்கப்பட்டது. மாநில அரசுக்குத் தெரிவிக்காமலே இடித்துவிட்டார்கள் என்று பெரும் சர்ச்சை எழுந்தது. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏறாத கட்டடத்துக்கு, பழமை என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

பணக்காரச் சீனர் வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஜாலான் டான் ஹியோக் நீயிலிருந்து சற்று நடந்தால் ஜாலான் டோபி. நம்மவர்கள் துணி வெளுத்துப் பிழைத்த தெரு. இந்தப் பக்கம் ஜாலான் உங்கு புவான், ராஜமாரியம்மன் கோயில், பூக்கடைகள். டானுக்கும் வோங்குக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது; புத்தகம் இருக்கிறது. வீடே போனாலும் கதை மிஞ்சும். நம் தாத்தாக்களுக்குத் தெருப்பெயராக மிஞ்சியது தொழிலின் பெயர் மட்டுமே. கடைவீட்டு மாடியில் எத்தனை குடும்பம் இருந்தது, துணி எங்கே காய்ந்தது, கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் சில முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

வானொலியில் இருப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். இந்த வாரம் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, வீட்டுப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க மொதல்ல குடியிருந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா, என்ன இருக்கும்?" குறுக்கே பேசாதீர்கள். பேசி முடித்ததும் தேதி, தெரு, கதவு எண் மூன்றையும் குறித்துவையுங்கள். அந்த வீடு இன்னும் நின்றால் ஒரு படமும் எடுத்துவையுங்கள். இடிக்கும் இயந்திரம் வந்த பிறகு தேடினால் இது கிடைக்காது.