பழைய பிரெய்ல் டிஸ்ப்ளேக்களும் சீரியல் இணைப்பும்: எங்கள் நிலைப்பாடு

ஒன்பது முள் சீரியல் போர்ட் மட்டுமே உள்ள பழைய பிரெய்ல் டிஸ்ப்ளேக்களுக்கு இன்றைய கணினிகளில் இடம் இருக்க வேண்டும். அந்த வழியை இயங்குதளங்களும் திரைவாசிப்பான் மென்பொருள்களும் அடைத்துவிடக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. மடிக்கணினிகளிலிருந்து அந்தப் போர்ட் மறைந்து பல காலமாகிறது. அதை மட்டும் காரணம் காட்டி, புள்ளிகள் சீராக எழுந்து இறங்கும் கருவியை நூலகமோ கல்லூரியோ கழிவுப் பட்டியலில் சேர்ப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் ஒரு பீசோ மின்பட்டை உயர்த்தித் தாழ்த்துகிறது. எந்தப் புள்ளி எழ வேண்டும் என்பதைக் கணினியே சொல்கிறது. எட்டுப் புள்ளிக்கு எட்டு பிட், அதாவது கட்டத்துக்கு ஒரு பைட். சீரியல் இணைப்பு 9,600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 பைட் அனுப்பும். 40 கட்ட வரி மாற ஒரு நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போதும். எந்த விரலும் அவ்வளவு விரைவாக ஒரு வரியைப் படித்து முடிக்காது. ஆகவே சீரியல் மெதுவானது என்ற பேச்சு இங்கே எடுபடாது. இன்னொன்று: எழுத்தைப் புள்ளியாக்கும் வேலை லிப்லூயி போன்ற மென்பொருளின் அட்டவணையில் நடக்கிறது. யூனிகோட் தமிழ் பரவுவதற்கு முன் செய்த வெளிநாட்டுக் கருவிகூட இன்று பாரதி பிரெய்லில் தமிழைக் காட்டும். கருவிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போர்ட் இல்லாத குறையை யூஎஸ்பி மாற்றி தீர்க்கிறது. ஆனால் எந்த மாற்றியும் ஆகும் என்று நினைப்பது தவறு. அனுப்பும் கம்பி, பெறும் கம்பி இரண்டை மட்டும் இணைத்த மலிவு மாற்றியில், கட்டுப்பாட்டுக் கம்பிகளை எதிர்பார்க்கும் டிஸ்ப்ளே ஊமையாகக் கிடக்கும். பிஎல்2303எச்எக்ஸ்ஏ என்ற பழைய சிப்பை, அதைச் செய்த நிறுவனத்தின் டிரைவரே விண்டோஸ் 11இல் ஏற்பதில்லை. சில மாற்றிகளை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறிவிடும். திரைவாசிப்பான் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். கருவி பழுதென்று முடிவு கட்டுமுன் இவற்றைச் சோதிக்க வேண்டும்.

மென்பொருள் எழுதுவோரின் ஆட்சேபம் கனமானது. சீரியல் கருவி தன்னை யாரென்று அறிவிக்காது. கண்டறிய வேண்டுமானால் ஒவ்வொரு போர்ட்டிலும் பைட்டுகளை அனுப்பிப் பார்க்க வேண்டும், அது அங்கிருக்கும் வேறு கருவியைக் குழப்பலாம். 2022இல் வந்த உபுண்டு 22.04 இயங்குதளத்தில் இதற்கு நெருங்கிய ஒரு சிக்கல் எழுந்தது. பிரெய்ல் டிஸ்ப்ளேக்களை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் மென்பொருள், சிஎச்340 சிப் உள்ள மாற்றிகளைப் பிரெய்ல் கருவி என்றெண்ணிப் பற்றிக்கொள்ள, ஆர்டுயினோ பலகை வைத்திருந்தவர்களுக்குப் போர்ட் காணாமல் போனது. அந்த மென்பொருளையே நீக்கிவிடுங்கள் என்ற அறிவுரை வேகமாகப் பரவியது. பார்வையற்றவர் ஒருவர் அதே கணினியைப் பயன்படுத்தக்கூடும் என்று அந்த அறிவுரை நினைத்துப் பார்க்கவில்லை. தானாகக் கண்டறிவதைக் கைவிடலாம், அதில் எங்களுக்கு மாறுபாடில்லை. பயனர் கருவியையும் போர்ட்டையும் தாமே தேர்ந்தெடுக்கும் வசதி மட்டும் நிலைக்க வேண்டும். என்விடிஏ திரைவாசிப்பானில் பல கருவிகளுக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

புதியதை வாங்கலாமே என்பார்கள். 2018இல் வெளியான யூஎஸ்பி எச்ஐடி பிரெய்ல் தரத்தை வரவேற்கிறோம். அது வந்தபின் கருவிக்கொரு டிரைவர் தேடும் தொல்லை குறையும். ஆனால் கட்டங்களின் விலையே டிஸ்ப்ளேயின் விலையைத் தீர்மானிக்கிறது. 80 கட்டக் கருவியை ஒதுக்கிவிட்டு 20 கட்டக் கருவியைக் கையில் கொடுப்பதை மேம்பாடு என்று சொல்ல மாட்டோம். கட்டங்கள் தேய்ந்து, மாற்று உறுப்பும் கிடைக்காத கருவிகளுக்காக நாங்கள் வாதிடவில்லை. அவை ஓய்வு பெறட்டும்.

உற்பத்தியாளர்களிடம் கேட்பது ஒன்று: ஒரு மாதிரிக்கு ஆதரவை நிறுத்தும் நாளிலேயே, கணினியோடு அது பேசும் நெறிமுறையை முழுமையாக வெளியிடுங்கள். நிறுவனங்களிடம் கேட்பது இன்னொன்று: கழிவுப் பட்டியலில் கையெழுத்திடுமுன், எல்லாக் கம்பிகளும் உள்ள ஒரு மாற்றியை வாங்கி, பிரெய்ல் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்தக் கருவியைக் கொடுத்துப் பாருங்கள்.