வாக்கு நமது; வீடு யாருடையது?

பொதுத் தேர்தல் நாளன்று தோட்ட நிர்வாகியும் பால்வெட்டுத் தொழிலாளியும் சமம். அவருக்கும் ஒரு வாக்கு, நமக்கும் ஒரு வாக்கு. மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது அந்தச் சமத்துவம் எங்கே போய்விடுகிறது? மக்களாட்சி நடக்கும் நாட்டில் அடக்குமுறை எப்படி உயிர் வாழ்கிறது என்று கேட்பவருக்கு நம் தோட்டங்களின் கதையே விடை சொல்லும்.

வெள்ளையர் காலத்தில் அடக்குமுறை முகத்துக்கு நேரே நின்றது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தனர். துரையையோ கிராணிமாரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. மனிதனாக நடத்து என்று கேட்டவர்கள்மீது பட்டாளம் ஏவப்பட்டது. தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1957 ஆகஸ்டு 31-ல் நாடு விடுதலை பெற்றது. சைக்கிளை விட்டு இறங்கு என்று சொல்ல இன்று எவருக்கும் துணிவில்லை. ஆனால் தோட்டத்தின் பழைய ஏற்பாடு என்னவாயிற்று? வேலை கொடுப்பவரே வீடும் கொடுப்பார். தண்ணீர்க் குழாயும், ஆயாக் கொட்டகையும், கோயில் நிற்கும் நிலமும் அவருடைய எல்லைக்குள்ளேயே இருக்கும். இதைச் சலுகை என்று நமக்குச் சொல்லி வைத்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்றிருப்பவன், கூலியைப் பற்றி வாய் திறக்குமுன் பெண்டு பிள்ளைகள் இரவு எங்கே படுப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறான். அவனை அடக்கச் சவுக்கு எதற்கு?

1950, 60-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நடந்தது இதுவே. நிலம் உடையவர் விற்றார். பணம் உள்ளவர் வாங்கினார். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சட்டி பானையோடு வெளியே நின்றார்கள். அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கச் செய்தார். பின்னர் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. இந்த மண்ணில் ஆயுளெல்லாம் உழைத்தவர்கள், கையில் காகிதம் இல்லாத குற்றத்துக்காக ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள்.

இன்று ரப்பர் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது, வாக்குரிமை கிடையாது. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் அதை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்த முதலாளிகள் உண்டு.

இவர்கள் நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்று நம்மில் சிலர் முணுமுணுக்கிறார்கள். இதே பேச்சை நம் பாட்டன்மாரும் கேட்டவர்களே அன்றோ! வாய் திறக்க முடியாத ஒருவன் பக்கத்து நிரையில் வேலை செய்யும் வரை, வாய் திறக்கக் கூடிய நமக்கும் கூலி உயராது. நம் கழுத்திலிருந்த கயிறே அவர்கள் கழுத்துக்கு மாறியிருக்கிறது. கயிற்றைப் பிடித்திருக்கும் கை மாறவில்லை.

எனவே நம் சங்கம் கேட்க வேண்டியவை இரண்டு. ஓய்வு பெறும் நாளில் பறிபோகாத சொந்த வீடு தொழிலாளிக்கு வேண்டும். எந்த நாட்டவராயினும் அவரவர் காகிதம் அவரவர் கையில் இருக்க வேண்டும். கிராணிமாருக்கும் இதில் பங்குண்டு. சம்பளப் பட்டியலை எழுதும் கைக்கு எல்லாக் கணக்கும் தெரியும். சட்டம் தரும் உரிமையைத் தொழிலாளிக்குப் படித்துக் காட்டுவதும் அந்தக் கையின் கடமை என்போம்.