ஆஸ்திரேலியா வொர்க்கிங் ஹாலிடே: எந்த மாசம் ஃப்ளைட் ஏறுறீங்க என்பதிலேயே வரிக்கணக்கு இருக்கு!

காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். அந்த ஊரில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுப் பையனை மனசில் வச்சுக்குங்க. வயசு 26, டிகிரி முடிச்சாச்சு. ரீல்ஸில் மெல்போர்ன் கஃபே வேலையைப் பார்த்துட்டு, ‘ஒரு வருஷம் போயிட்டு வரேன்ப்பா’ என்கிறான். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்கிறார்: “சரிடா, கையில எவ்வளவு நிக்கும்?”

சரியான கேள்வி. பதில் சம்பளத்தில் மட்டும் இல்லை, காலண்டரிலும் இருக்கிறது.

என்ன விசா இது?

2024 செப்டம்பரில்தான் ஆஸ்திரேலியா தன் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவை (சப்கிளாஸ் 462) இந்தியர்களுக்குத் திறந்தது. வயது 18 முதல் 30 வரை. வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில் தேர்வு. கையிருப்பாக 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்டணும். டாலர் 55 ரூபாய் என்று வைத்தால் 2.75 லட்சம். நெசவாளர் வீட்டில் இது பெரும்பாலும் கடன்தான்.

அங்கே என்ன பிடிப்பார்கள்?

இந்த விசாவில் சம்பாதிக்கும் முதல் 45,000 டாலர் வரை, முதல் டாலரிலிருந்தே 15 சதவிகித வரி. உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள 18,200 டாலர் வரம்பு நமக்குக் கிடையாது. முதலாளி 12 சதவிகிதம் ‘சூப்பர்’ எனும் ஓய்வூதிய நிதியில் போடுவார். ஊர் திரும்பும்போது அதை எடுத்தால் 65 சதவிகிதம் வரியாகப் போய்விடும். அதனால் சூப்பர் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

இங்கே? நாள் கணக்குதான் எல்லாம்

இந்தியாவில் நீங்கள் ‘ரெசிடென்ட்’ என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்டணும். ‘நான் ரெசிடென்ட்’ என்றால் அந்நிய நாட்டில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் ரெசிடென்ட். 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட்தான். இதுவரை ஊரிலேயே இருந்தவருக்கு 365 எப்படியும் தேறிவிடும். ஆக, பார்க்க வேண்டியது 60.

இப்போ மூணு பேரைப் பாருங்க. எல்லாருமே ஒரு வருஷம் போய்த் திரும்புகிறவர்கள்.

மே 10-ல் கிளம்புபவர்: அந்த ஆண்டில் இந்தியாவில் 40 நாள்தான். நான் ரெசிடென்ட். அடுத்த ஏப்ரலிலிருந்து மே வரையிலான சுமார் 40 நாள் சம்பளம் மட்டுமே இந்தியக் கணக்குக்கு வரும்.

ஆகஸ்ட் 10-ல் கிளம்புபவர்: 132 நாள் ஆகிவிடுகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில் 60 என்பது 182 ஆகத் தளரும். ஆனால் இந்த விசாவின் பேரிலேயே ‘ஹாலிடே’ இருக்கே! ‘வேலைக்காக’ என்பதை கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் விரிவாகத்தான் பார்த்தது, சொந்தத் தொழிலையும் சேர்த்துக்கொண்டது. அதே சமயம் சுற்றுலா, படிப்பு, வைத்தியத்துக்குப் போவது அதில் வராது என்றது. அதனால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

டிசம்பர் 10-ல் கிளம்புபவர்: கிளம்பும் ஆண்டில் 254 நாள், ரெசிடென்ட். அடுத்த டிசம்பர் 10-ல் திரும்பினால் மார்ச் 31-க்குள் 112 நாள், மறுபடியும் ரெசிடென்ட்! ஒரு வருஷம் முழுக்க வெளிநாட்டில் இருந்தும் ஒரு நாள்கூட நான் ரெசிடென்ட் ஆகவில்லை. பலரும் கவனிக்காத பொறி இதுதான்.

டிசம்பர்க்காரருக்கு எவ்வளவு செலவு?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 24,000 டாலர் சம்பளம் என்றால் 13.2 லட்சம் ரூபாய். அங்கே கட்டிய வரி 1.98 லட்சம். இங்கே வேறு வருமானமே இல்லாவிட்டாலும், 2025-26 விகிதப்படி புதிய முறையில் சுமார் 47,000 ரூபாய் வரி வரும். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டியதைக் கழித்து, இங்கே பூஜ்யம் ஆக்கலாம். ஆனால் ரிட்டர்னோடு வெளிநாட்டு வரிக்கழிவுக்கான படிவத்தையும், ஆஸ்திரேலியாவில் வரி கட்டிய சான்றையும் நேரத்துக்குக் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் கழிவு சிக்கலாகி, 47,000-ஐக் கையிலிருந்து கட்ட நேரலாம். அங்கே கூடுதலாகக் கட்டிய மிச்சம் எப்படியும் திரும்பி வராது.

ரெசிடென்ட் என்றால் அங்கே திறந்த வங்கிக் கணக்கு, சூப்பர் கணக்கு இரண்டையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டணும். எளிமையான ஐ.டி.ஆர்-1 படிவம் அதற்கு ஆகாது. மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம். வீடு, நிலம் தவிர்த்த சொத்து 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்றாலும், காட்டும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

அப்போ எப்போ கிளம்பலாம்?

தேதி உங்கள் கையில் இருந்தால், பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவுக்குள் கிளம்பி, அதே சமயத்தில் திரும்புவது லாபம். பிப்ரவரி 10-ல் திரும்பினால்கூட மார்ச் முடிய 50 நாள்தான், 60-ஐத் தொடாது. நடுவில் தங்கச்சி கல்யாணம், கோயில் திருவிழா என்று ஊருக்கு வந்தால் அந்த நாள்களும் கணக்கில் சேரும். பாஸ்போர்ட் முத்திரைகளையும் போர்டிங் பாஸையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. சந்தேகமிருந்தால் டிக்கெட் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்க.

அப்பா கேட்ட கேள்விக்கு அப்போதான் ஒரு நம்பரோடு பதில் சொல்ல முடியும்.