நட்சத்திரம் தெரியும், பார்த்ததுண்டா?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் அர்ச்சகர் கேட்பது, "பேர், நட்சத்திரம்?" நம்மில் யாரும் திணறுவதில்லை. வீட்டுக்காரர் ரோகிணி, மனைவி கேட்டை, பையன் திருவாதிரை, பெண் சுவாதி என்று மளமளவென்று ஒப்பிக்கிறோம். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள்கூடத் தங்கள் நட்சத்திரத்தை மறப்பதில்லை. ஆனால், "உன் நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்" என்றால் பிள்ளையும் விழிக்கிறது, பெற்றவர்களும் விழிக்கிறார்கள்.

கல்யாணத்தில் இன்னும் வேடிக்கை. பகல் பதினோரு மணிக்கு மண்டபத்து வாசலில் நின்று, சாஸ்திரிகள் கைகாட்டும் திசையில் அண்ணாந்து பார்த்து, "அருந்ததி தெரிகிறதா?" என்ற கேள்விக்கு மணமக்கள் சமர்த்தாகத் தலையாட்டுகிறார்கள். பிறகு என்றைக்காவது ஓர் இரவில் அதே அருந்ததியைத் தேடிப் பார்த்த தம்பதியர் எத்தனை பேர்? சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே இருக்கிறாரே வசிஷ்டர், அவருக்குப் பக்கத்திலேயே மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பவள்தான் அருந்ததி. நல்ல பார்வை உள்ளவருக்கு வெறும் கண்ணாலேயே தெரியும். சிறிய தொலைநோக்கி இருந்தால் வசிஷ்டரே இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து நிற்பதையும் காணலாம். பஞ்சாங்கத்தில் இவ்வளவு வைத்திருக்கும் நாம் வானத்தில் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

வானம் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காக நம் வீடுகளும் நம் சங்கமும் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பலரும் கடையிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. முதலில் கண், பிறகு ஒரு நோட்டுப் புத்தகம், அதன் பிறகு கருவி, கடைசியில் காமிரா. இந்த வரிசை மாறினால் பணமும் போகும், ஆசையும் போகும்.

பிள்ளையின் பிறந்த நாளுக்கு வாங்கும் தொலைநோக்கியின் கதையைப் பாருங்கள். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது 60 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியும், தும்மினால் ஆடும் முக்காலியும். தொலைநோக்கியின் சக்தி அதன் உருப்பெருக்கத்தில் இல்லை. அதன் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு ஒளியை அது விழுங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அது தாங்கும் உச்ச உருப்பெருக்கம் என்பது அனுபவக் கணக்கு. ஆக, 60 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 120 மடங்கே அதிகம். 525 மடங்கில் தெரிவது நடுங்கும் மங்கல் ஒன்றுதான். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிள்ளை கருவியைப் பரணில் போடுகிறது. "அவனுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று நாமும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதற்குப் பதிலாக 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வாயும் உள்ள ஒரு நல்ல பைனாகுலரை வாங்கித் தாருங்கள். முழங்கையை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் நிலவின் பள்ளங்கள் தெரியும். வியாழனின் பக்கத்தில் கலீலியோ 1610இல் கண்ட துணைக்கோள்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வரிசையில் நிற்கும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். வெறும் கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பைனாகுலரில் பல மடங்கு பெருகிக் கண்ணை நிறைக்கும். நகரத்து வெளிச்சத்தைத் தாண்டிப் போனால், ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஆண்ட்ரோமீடா மண்டலம் ஒரு வெண்பஞ்சுத் துணுக்காகப் புலப்படும். ஒரேயொரு எச்சரிக்கை: எந்தக் கருவியைக் கொண்டும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. நொடியில் பார்வை பறிபோகும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணும் நோட்டுப் புத்தகமும் எதைச் சாதிக்கும் என்பதற்கு நாம் வாழும் இந்த வங்க மண்ணிலேயே சான்று இருக்கிறது. ராதா கோவிந்த சந்திரா என்பவர் பிரிவினைக்கு முந்திய வங்காளத்தின் ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் சாதாரண ஊழியர். பள்ளி இறுதித் தேர்வில்கூடத் தேறாதவர். 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பைனாகுலரால் நோக்கினார். பிறகு 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூனில் அக்விலா மண்டலத்தில் திடீரென்று வெடித்துப் பிரகாசித்த புது விண்மீனை, யாரும் சொல்லாமல் தாமாகவே கண்டுகொண்டார். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவருக்கு மனப்பாடம். அதனால்தான் புதிதாக வந்தது கண்ணில் பட்டது.

ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற விண்மீன்களைக் கவனித்துப் பதிவு செய்ய அமெரிக்காவில் 1911இல் ஒரு சங்கம் தோன்றியது. அதற்குச் சந்திரா ஆண்டுக்கணக்கில் தம் குறிப்புகளை அனுப்பினார். பகலில் அலுவலகம், இரவில் வானம். இப்படி அவர் அனுப்பிய கணக்கு 37,000 பதிவுகளுக்கும் மேல். அவருடைய உழைப்பைக் கண்ட அந்தச் சங்கம் 1926இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. பிரிவினைக்குப் பின் அவர் மேற்கு வங்கத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் எங்கே போயிற்று தெரியுமா? தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் வைணு பாப்பு நிறுவிய காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு! நம் பெருமைகளைப் பட்டியலிடும் மேடைகளில் இந்த வங்கத் தமிழ்த் தொடர்பை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னும் அண்மைக்கால உதாரணம் வேண்டுமா? 2019 இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. அது உமிழ்ந்த தூசி மேகம் அதையே மறைத்தது என்று பின்னர் ஆராய்ந்து சொன்னார்கள். இந்த மாற்றத்தைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு மாடியில் நின்றே அறியக்கூடிய வித்தியாசம். உலகெங்கும் அமெச்சூர் நோக்கர்கள் அதை இரவுக்கு இரவு குறித்து வைத்தார்கள். அந்த நாட்களில் நம்மிடையே திருவாதிரையில் பிறந்த எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தோம்?

இனி காமிரா. இன்றைய இளைஞர்கள் வானத்தைப் பார்ப்பதைவிடப் படம் எடுப்பதையே விரும்புகிறார்கள். கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்திப் பத்துப் பதினைந்து நொடி திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் விழுகின்றன. அதற்கு மேல் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடுகளாகின்றன. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறதல்லவா? அதைச் சமாளிக்க, வானத்தோடு கூடவே திரும்பும் தாங்கி வேண்டும். அல்லது சிறு சிறு படங்களாக நூறு எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நூறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்தில் உள்ள புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பொறுமையும் கணக்கும் சேர்ந்த நல்ல கலை இது. இதை நான் குறை சொல்ல வரவில்லை.

சங்கடம் வேறு இடத்தில். வண்ண வண்ணமாக நெபுலாப் படங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை, முதன்முறை தொலைநோக்கியில் கண் வைத்து, "சாம்பல் புகை மாதிரி இருக்கிறதே, இவ்வளவுதானா?" என்கிறது. மனிதக் கண் நொடியின் சிறு பகுதிக்குள் வந்து சேரும் ஒளியை மட்டுமே காண்கிறது. மங்கலான ஒளியில் நிறத்தையும் அறியாது. காமிராவோ நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இல்லை. அந்தச் சாம்பல் புகைதான் பல நூறு ஆண்டுகள் பயணம் செய்து நேரடியாகக் கண்ணுக்குள் வந்து விழுந்த ஒளி என்று புரிந்தால், அதற்கு எந்த அச்சுப் படமும் ஈடாகாது.

காமிராவால் பெரும் கண்டுபிடிப்புகளைச் செய்த அமெச்சூர்களின் கதையைப் பார்த்தாலும் காமிராவுக்குப் பின்னால் பழகிய கண் இருப்பது தெரிகிறது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்ற கணிப்பொறி வல்லுநர் வியாழனில் ஒரு புதிய கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒன்று மோதிய தழும்பு அது. இரண்டு நாள் முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்ன பிறகே பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவில் பூட்டு வேலை செய்யும் விக்டர் பூசோ, புதிய காமிராவைச் சோதிப்பதற்காக ஒரு தொலைதூர விண்மீன் மண்டலத்தை வரிசையாகப் படமெடுத்தார். முன்பு இல்லாத ஒரு புள்ளி மெல்ல ஒளி கூடிவருவது தெரிந்தது. ஒரு விண்மீன் வெடிக்கத் தொடங்கிய கணமே அவர் காமிராவில் சிக்கியிருந்தது. கருவூல ஊழியர், பூட்டுத் தொழிலாளி என்று இந்தத் துறையில் வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. வானத்தை அறியாமல் படம் மட்டும் எடுப்பவர், மொழி தெரியாத ஊரில் பெயர்ப் பலகைகளைப் படம் பிடிப்பவர் போலத்தான்.

"இதெல்லாம் சரி, படிப்பு கெடாதா? இதற்கு மார்க் கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோரை நான் அறிவேன். மார்க் கிடைக்காது. ஆனால் இரவெல்லாம் கண் விழிக்க வேண்டியதும் இல்லை. மாலை ஏழிலிருந்து எட்டரை வரை, வாரம் ஒரு நாள் போதும். கண்ணால் பார், மறுநாள் சரி பார், எழுதி வை என்ற பழக்கம் பிள்ளைக்கு வந்துவிட்டால், யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பாது. 1995 அக்டோபர் 24 காலை, நமக்கு அருகிலேயே டைமண்ட் ஹார்பரில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. அதைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தபோது, கதவைச் சாத்தி உள்ளே இருந்தவர்களும் அநேகம். இந்திய மண்ணில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, அதுவும் வடகோடியில் லடாக் பக்கம். நம் பிள்ளைகள் அன்றைக்குத் தக்க கண்ணாடியோடு வெளியே நிற்பவர்களாக இருக்க வேண்டாமா?

"கொல்கத்தா வானத்தில் என்ன தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. பால்வீதி தெரியாதுதான். மாநகரத்துப் பிள்ளைகள் அதை ஒருமுறைகூடக் காணாமலே வளர்வது பெரிய இழப்பு. ஆனால் நிலவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் நகர வெளிச்சம் தடையில்லை. துர்கா பூஜை முடிந்து மழை ஓய்ந்த பிறகு வரும் இரவுகள் நமக்கு வாய்ப்பானவை. ரோகிணியும் கார்த்திகையும் திருவாதிரையும் முன்னிரவிலேயே பார்க்கக் கிடைக்கும் பருவமும் அதையடுத்து வருகிறது. இருட்டு வேண்டுமென்றால் புருலியாவின் அயோத்யா மலை ஓர் இரவு ரயில் தூரம்தான். லடாக்கின் ஹான்லேயை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கிராமத்து மக்களே விளக்குகளுக்கு மறைப்பு போட்டு, தொலைநோக்கி பழகி, வருவோருக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். மாடி விளக்குக்கு ஒரு தகர மூடி போட்டு, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கச் செய்யலாம். மின் கட்டணமும் குறையும்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை, வளர்பிறை பாதி நிலவை ஒட்டி, மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம். பௌர்ணமி வேண்டாம், பாதி நிலவில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு அழகாகத் தெரியும். ஆரம்பத்தில் பொதுவாக ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வருகிற ஒவ்வொருவரும் தம் ஜன்ம நட்சத்திரத்தை, அது தெரியும் பருவத்தில், தாமே கண்டுபிடித்துத் தேதியோடு எழுத வேண்டும். ஓராண்டு தொடர்ந்து நடந்தால், சந்தா போட்டு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கலாம். அதன் பிறகு காமிராக்காரர்களும் வரட்டும்; அவர்கள் படங்களை இந்த மலரிலேயே வெளியிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை குடும்பங்களோடு புருலியா போய்வரலாம்.

பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் எல்லாம் தவறாமல் நடக்கின்றன. அவற்றோடு மாதம் ஓர் இரவையும் சேர்த்துக்கொள்வதில் செயற்குழுவுக்குச் சிரமம் இருக்காது. மாடிச் சாவியைக் கொடுத்தால் போதும். பைனாகுலர் வைத்திருக்கும் அன்பர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.